அம்மம்மாவின் நிறை 41 கிலோ

எங்கள் குசினி அலுமாரிக்கு மேலே ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதில் பிஸ்கட் இருந்த காலம் எங்களுக்கு ஞாபகமில்லை. வீட்டில் மிச்சம் வருகிற குளிசையெல்லாம் அதற்குள்தான் போகும். "எறியாதையுங்கோ, பிறகு தேவைப்படும்" என்று அம்மம்மா சொல்லுவா. 2024 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, நாங்கள் மூன்று பேரும் அந்த டின்னைப் பாயில் கொட்டி எண்ணினோம். பனடோலை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அன்டிபயோட்டிக் மட்டும் 43. அமொக்சிசிலின் 17, சிப்ரோபுளொக்சசின் 9, மெட்ரோனிடசோல் 8, கிளொக்சசிலின் 6. மிச்சம் மூன்றும் ஒரு சின்ன வெள்ளைக் கடதாசி உறைக்குள் கிடந்தன. அந்த உறையில் மருந்தின் பேர் இல்லை, ஆளின் பேர் இல்லை, திகதி இல்லை. பேனையால் 1 – 1 – 1 என்று மட்டும் எழுதியிருந்தது.

எண்ணினதற்குக் காரணம் இருக்கு. அதற்கு மூன்று கிழமைக்கு முதல்தான் அம்மம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தோம். அவ திரும்பி வருவா என்று ஒரு இரண்டு நாள் எங்களில் யாருக்கும் நம்பிக்கை இருக்கவில்லை.

நாங்கள் மூன்று பேரும் அவவின் பேரப்பிள்ளைகள். ஊர் பேசாலை. எங்களில் யாரும் மருத்துவம் படித்தவர்கள் இல்லை. ஒருவர் கணக்கியல், ஒருவர் ஆசிரியர் பயிற்சி, கடைக்குட்டி உயர்தரம். இதை எழுதுவது மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல இல்லை. அந்த டின்னை நிரப்பினது நாங்கள்தான், அதைச் சொல்லத்தான்.

*

அம்மம்மாவுக்கு வயது 74. சீனி வருத்தம் இருபது வருசமாக. சீனி கூடினவர்களுக்குச் சலக்கடுப்பு அடிக்கடி வரும். 2022 இல் அவவுக்கு முதல் தடவை வந்தபோது டொக்டரிடம் காட்டினோம். துண்டு எழுதித் தந்தார். அந்தத் துண்டில் இருந்த முழுக் குளிசையையும் வாங்கக் கையில் காசு இல்லை.

அந்த வருசத்தை மறந்தவர்கள் இருக்கமாட்டீர்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் எங்கள் கரையில் படகுகள் வரிசையாகக் கிடந்தன. கடலுக்குப் போகாவிட்டால் அன்றைக்கு வீட்டில் காசு இல்லை, அவ்வளவுதான். மருந்துக்கும் நாடு முழுக்கத் தட்டுப்பாடு. இருந்த மருந்தும் விலை ஏறிக்கொண்டே போனது. பார்மசியில் நின்று "அண்ணா, அரைக் கார்ட் தாங்கோ" என்று கேட்டோம். அவரும் கத்தரிக்கோலால் வெட்டித் தந்தார். இரண்டு நாளில் எரிவு நின்றது. அதிலும் ஒரு குளிசை மிச்சம். டின்னுக்குள் போட்டோம்.

இரண்டாவது தடவை வந்தபோது டொக்டரிடம் போகவில்லை. பழைய வெறுங் கார்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினோம். "இதே குளிசை நாலு தாங்கோ." தந்தார்கள். மூன்றாவது தடவையும் அப்படித்தான். சிப்ரோபுளொக்சசின் என்ற பெயரே அப்போது எங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அதன் பேர் "சலக்கடுப்புக் குளிசை". எங்களுக்கு அது ஒரு கெட்டித்தனமாகவும் இருந்தது. பஸ்ஸுக்குக் காசு மிச்சம், ஓ.பி.டி. வரிசையில் அரை நாள் நிற்கத் தேவையில்லை, அம்மம்மாவும் சுகம்.

அப்பாவின் கதை இதைவிட மோசம். ஒரு தடவை கரைவலை இழுக்கையில் திருக்கை முள் குதிக்காலில் ஏறிவிட்டது. சுடுதண்ணியில் காலை வைத்தார், அது சரியான வைத்தியம்தான். திருக்கையின் விசம் சூட்டில் வலுவிழக்கும். அதன்பிறகு ஒரு அமொக்சிசிலினை உடைத்து, உள்ளே இருந்த தூளைக் காயத்துக்கு மேலே கொட்டிக் கட்டினார். எங்கள் கரையில் இதைச் செய்யாத ஆள் குறைவு. விழுங்க வேண்டிய மருந்தைக் காயத்தில் கொட்டினால் அது போய்ச்சேர வேண்டிய ஆழத்துக்குப் போகாது என்று பிறகுதான் படித்தோம். கடல் தண்ணியில் விப்ரியோ என்ற இனப் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவை காயத்துக்குள் போனால், சீனி வருத்தமோ ஈரல் வருத்தமோ உள்ளவருக்கு ஒன்றிரண்டு நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்கு டொக்சிசைக்ளின் போன்ற வேறு மருந்துகள் தேவை. சாதாரணக் காயத்துக்கு எழுதும் மருந்து காணாது. அதனால் எங்கள் கரை ஆட்கள் டொக்டரிடம் "காலில காயம்" என்று மட்டும் சொல்லாமல், "கடலுக்குள்ள பட்ட காயம்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லில் மருந்தே மாறும்.

*

2024 ஒக்டோபரில் நாலாவது தடவை வந்தபோது குளிசை கேட்கவில்லை. மூன்றாம் நாள் அம்மம்மா குளிரில் கட்டில் ஆட நடுங்கினா. பின்பக்கம் விலாவுக்குக் கீழே கை வைக்க விடவில்லை. விடியப்புறம் எங்களை ஆள் மாறிக் கூப்பிடத் தொடங்கினா. செத்துப்போன தன் தங்கச்சியின் பேரைச் சொல்லி "வா, வந்து இரு" என்றா. அப்போதுதான் பயந்துபோய் முச்சக்கரவண்டி பிடித்தோம்.

எந்த ஆஸ்பத்திரி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. அங்கே நடந்த இரண்டு விசயம் தேவை.

முதலாவது. வந்த உடனே இரத்தமும் சலமும் கல்ச்சருக்கு எடுத்துவிட்டுத்தான் ஊசி மருந்தைத் தொடங்கினார்கள். கல்ச்சர் என்றால் அந்தப் பற்றீரியாவை வளர்த்து, எந்த மருந்து அதைக் கொல்லும், எது கொல்லாது என்று பார்ப்பது. அதற்கு இரண்டு மூன்று நாள் வேண்டும். மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் பற்றீரியா வளராமலே போகலாம், ரிப்போட்டில் ஒன்றும் வராது. முதல் ஊசிக்கு முன்னால் எடுத்த அந்தச் சின்னப் போத்தல்தான் அம்மம்மாவைக் காப்பாற்றியது என்று இப்போது நினைக்கிறோம்.

மூன்றாம் நாள் ரிப்போட் வந்தது. ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே R அல்லது S. R என்றால் அந்த மருந்து எடுபடாது. சிப்ரோபுளொக்சசின் R. செஃப் என்று தொடங்கும் மருந்துகள் வரிசையாக R. கோ-அமொக்சிக்ளேவ் R. கீழே மூன்றே மூன்று S: நைட்ரோபியூரன்ரொயின், அமிகாசின், மெரோபெனெம்.

"மூன்று இருக்குத்தானே டொக்டர்?" என்று கேட்டோம்.

அந்த டொக்டருக்கு எங்கள் அண்ணாவின் வயதுதான் இருக்கும். இரவு முழுக்க நின்ற முகம். ஆனாலும் பொறுமையாகச் சொன்னார். "நைட்ரோபியூரன்ரொயின் சலப்பையில மட்டும்தான் வேலை செய்யும். அம்மாவுக்கு இப்ப வருத்தம் சிறுநீரகத்திலயும் இரத்தத்திலயும் இருக்கு. அமிகாசின் ஏற்கனவே பழுதான சிறுநீரகத்தை இன்னும் பழுதாக்கலாம். அப்ப மிஞ்சிறது ஒண்டுதான்."

S என்ற எழுத்து மட்டும் காணாது. மருந்து வருத்தம் இருக்கிற இடத்துக்குப் போய்ச்சேர வேண்டும், அந்த உடம்பும் அதைத் தாங்க வேண்டும். டின்னை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்த்த எங்களுக்கு இது புதுசு.

*

இரண்டாவது விசயம்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு.

அம்மம்மாவின் கட்டில் சீட்டில் நிறை 55 கிலோ என்று எழுதியிருந்தது. வந்த இரவு அவவால் எழும்பி நிற்க ஏலாது. யாரோ பார்த்து மதித்து எழுதியிருக்கிறார்கள். கூட்டமான வார்ட்டில் அது நடக்கக்கூடிய விசயம். முதல் ஊசியை முழு அளவில் போட்டார்கள். கடுமையான தொற்றில் முதல் அடி குறையக்கூடாது. அதன்பிறகு எவ்வளவு, எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருக்கா என்பதைச் சிறுநீரகம்தான் தீர்மானிக்கும். ஏனென்றால் மெரோபெனெம் உடம்பைவிட்டு வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரகத்தால்தான். அது மெதுவாக வேலை செய்தால் மருந்து தேங்கும். தேங்கினால் வலிப்புக்கூட வரலாம்.

மருந்தாளர் ஒருவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்த அம்மா 55 கிலோவோ?" என்று கேட்டார். எங்களுக்கும் தெரியாது. கட்டிலோடு நிறுக்கிற தராசு அங்கே இல்லை. கடைசியில் எங்களில் மூத்தவன் அம்மம்மாவைத் தூக்கிக்கொண்டு சாதாரணத் தராசில் ஏறினான். பிறகு அவவைக் கட்டிலில் கிடத்திவிட்டுத் தனியே ஏறினான். இரண்டையும் கழித்தால் 41. மூன்று நாளாகச் சரியாகப் பேசாத அம்மம்மா அப்போதுதான் வாய் திறந்தா. "என்னடா, என்னை அறக்குளா நிறுக்கிற மாதிரி நிறுக்கிறியள்?"

14 கிலோ வித்தியாசத்தால் என்ன நடக்கும்? கணக்கியல் படிக்கிறவள் அதைப் பிறகு கேட்டு எழுதிக்கொண்டாள். 1976 இல் கொக்குறொவ்ற், கோல்ற் என்ற இருவர் வெளியிட்ட சூத்திரம் அது, இன்றைக்கும் பாவிக்கிறார்கள். 140 இலிருந்து வயதைக் கழிக்க வேண்டும். வந்ததை நிறையால் பெருக்க வேண்டும். 72 ஐ இரத்தத்திலுள்ள கிரியற்றினின் அளவால் பெருக்கி, அதால் பிரிக்க வேண்டும். பெண் என்றால் 0.85 ஆல் பெருக்க வேண்டும். அம்மம்மாவின் கிரியற்றினின் 1.5. நிறை 55 என்று போட்டால் விடை கிட்டத்தட்ட 29. நிறை 41 என்று போட்டால் 21.

மெரோபெனெமுக்கு எல்லைக்கோடு 25 இல் இருக்கிறது. அதற்கு மேலே என்றால் 12 மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஒரு கிராம். கீழே என்றால் அதில் பாதி. டொக்டர்மார் சூத்திரத்தை மட்டும் பார்ப்பதில்லை, ஆளையும் பார்ப்பார்கள், நாளுக்கு நாள் மாற்றுவார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அதே மருந்து, அதே ஆள், அதே வருத்தம். ஒரு பெட்டிக்குள் மதித்து எழுதின ஒரு எண்ணால் மருந்து இரண்டு மடங்காகப் போயிருக்கும். நாங்கள் "மருந்து" என்று சொல்லும்போது பேரை மட்டும்தான் நினைக்கிறோம். எவ்வளவு, எத்தனை மணிக்கு, எத்தனை நாள் என்பதும் சேர்ந்துதான் மருந்து.

அம்மம்மா பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தா. அதில் இரண்டு நாள் மருந்து ஆஸ்பத்திரியில் முடிந்துபோய் வெளியில் வாங்கித் தரவேண்டியிருந்தது. அதற்கு அப்பா பட்ட கடன் இந்த வருசம்தான் முடிந்தது. அம்மம்மாவின் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

*

எங்கள் அரைக் கார்ட்டுகளால்தான் இது வந்ததா? அப்படி உறுதியாகச் சொல்ல யாராலும் ஏலாது. அந்தப் பற்றீரியா வேறு இடத்திலிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் எப்படி நடக்கும் என்பது தெரிந்த விசயம். நாங்கள் ஒரு அன்டிபயோட்டிக் விழுங்கினால் அது வருத்தம் தந்த பற்றீரியாவை மட்டும் தேடிப்போய்க் கொல்வதில்லை. குடலுக்குள் வாழும் கோடிக்கணக்கான பற்றீரியாக்களையும் தொடுகிறது. அதில் தாக்குப்பிடிக்கக்கூடியவை மிஞ்சும், பெருகும், தங்கள் கெட்டித்தனத்தைப் பக்கத்திலிருக்கும் வேறு பற்றீரியாக்களுக்கும் கொடுக்கும். சலக்கடுப்பு தரும் பற்றீரியா பெரும்பாலும் எங்கள் குடலிலிருந்தே வருவது. "மருந்து எனக்குப் பழகிட்டுது" என்று நாங்கள் சொல்வது பிழை. பழகுவது நாங்கள் இல்லை, அதுகள்தான்.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் இதை 1945 இலேயே, நோபல் பரிசு உரையில் எச்சரித்தார். தொண்டை நோவுக்குக் கடையில் பெனிசிலின் வாங்கி, காணாத அளவில் குடித்த ஒருவரின் கற்பனைக் கதையைச் சொன்னார். அவரிடமிருந்து மருந்துக்குப் பழகிய கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது, மனைவி இறக்கிறார். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிளெமிங் உதாரணமாகச் சொன்ன அந்தத் தொண்டைக் கிருமி, ஸ்ரெப்ரோகொக்கஸ், இன்றுவரை பெனிசிலினுக்குப் பணிந்தேதான் இருக்கிறது. அவர் சொல்லாத எத்தனையோ கிருமிகள் பணியவில்லை. 2019 இல் மட்டும் உலகம் முழுக்க 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு எடுபடாத பற்றீரியாவால் இறந்ததாக லான்செற் சஞ்சிகையில் வந்த கணிப்பு சொல்கிறது.

"முழுக் குளிசையையும் முடி, இல்லாட்டி கிருமி பழகும்" என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதுவும் அவ்வளவு நேர்க்கோடு இல்லை. தேவைக்கு மேல் நீட்டிக்கிற ஒவ்வொரு நாளும் குடலிலுள்ள மற்றப் பற்றீரியாக்களுக்கு ஒரு பயிற்சி நாள்தான் என்று 2017 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் சில மருத்துவர்கள் எழுதினார்கள். பல தொற்றுகளுக்கு முந்தி எழுதின பத்து நாளுக்குப் பதில் இப்போது ஐந்து நாள் காணும் என்கிறார்கள். மறுபக்கம், சில வருத்தங்களுக்கு நாள் குறையவே கூடாது. காசநோய்க்கு ஆறு மாதம். முருங்கன், நானாட்டான் பக்கம் வயலில் இறங்குகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டிய மெலியோய்டோசிஸ் என்ற மண் கிருமி வருத்தத்துக்கு ஆகக் குறைந்தது பத்து நாள் ஊசி, பிறகு மூன்று மாதம் குளிசை. இடையில் விட்டால் திரும்ப வரும்.

எத்தனை நாள் என்பது வருத்தத்தைப் பொறுத்தது. அதைத் தீர்மானிக்க வேண்டியது டொக்டர், எங்கள் பேர்ஸ் இல்லை. நிறுத்தலாமா என்று அவரிடம் கேட்கலாம். நாங்களாக நிறுத்தி மிச்சத்தை டின்னில் போடக்கூடாது.

குறைவும் சரியாக இருக்கலாம் என்பதை நாங்கள் வெட்கத்தோடு ஏற்றுக்கொண்ட கதையும் இருக்கு. பெரியம்மாவின் மகளுக்குச் சிசேரியன் நடந்தபோது, வெட்டுவதற்கு முதல் ஒரே ஒரு அன்டிபயோட்டிக் ஊசிதான் போட்டார்கள். "ஏழைகளெண்டபடியால் ஒரு ஊசியோட விட்டுட்டாங்கள்" என்று வீட்டில் எல்லோரும் கத்தினோம். சிக்கல் இல்லாத அறுவைக்கு, வெட்டுவதற்கு முந்திய ஒரு மணித்தியாலத்துக்குள் போடும் ஒரு ஊசிதான் சரியான முறை. அந்த டொக்டரிடம் போய் மன்னிப்புக் கேட்க இன்னும் எங்களுக்குத் துணிவு வரவில்லை.

*

இதையெல்லாம் மக்களின் அறியாமை என்று முடிப்பது லேசு. எங்கள் பிழையை நாங்கள் ஒத்துக்கொள்கிறோம். ஆனால் டின் எங்கள் வீட்டில் மட்டும் நிரம்பவில்லை.

காலையில் ஓ.பி.டி.யில் ஒரு டொக்டருக்கு முன்னால் எத்தனை பேர் என்று போய்ப் பாருங்கள். ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிசம். "தடிமன், இருமல்" என்று போகிற ஆளுக்கு, இது வைரஸ், அன்டிபயோட்டிக் வேலை செய்யாது, சளி பச்சையாக இருந்தாலும் அப்படித்தான், கொத்தமல்லி அவிச்சுக் குடித்துப் படுங்கோ என்று விளங்கப்படுத்த ஐந்து நிமிசம் வேண்டும். துண்டு எழுத அரை நிமிசம். பின்னேரம் தனியார் டிஸ்பென்சறிக்குப் போனால், மருந்து தராமல் அனுப்புகிற டொக்டரை "சரியில்லாத டொக்டர்" என்கிறோம். எங்களை அடுத்த தடவை வேறு கதவைத் தட்ட வைக்கிறதும் அந்தப் பேச்சுத்தான்.

இலங்கைக்கு இது தெரியாத பாடம் இல்லை. பேராசிரியர் சேனக பிபிலே என்ற ஒரு மனிதர் எங்கள் நாட்டில் இருந்தார். 1971 இல் தொடங்கிய அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். கம்பனிப் பேரில் குவிந்துகிடந்த மருந்துகளை வடிகட்டி, தேவையானதைப் பொதுப் பேரில், மொத்தமாக விலை கோரி வாங்கினால் ஏழை நாடும் நல்ல மருந்து கொடுக்கலாம் என்று செய்துகாட்டினார். உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது 1977 இல். பிபிலே இறந்ததும் அதே வருசம். இங்கே நுண்ணுயிர்க்கொல்லிகளை எப்படிப் பாவிக்க வேண்டும் என்று நுண்ணுயிரியல் மருத்துவர்களின் கல்லூரி 2016 இல் தேசிய வழிகாட்டி வெளியிட்டது. எந்தத் தொற்றுக்கு எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்று அதில் இருக்கிறது. துண்டில்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக்கூடாது என்று சட்டமும் இருக்கிறது. எங்களுக்கு நாலு குளிசை வெட்டித் தந்தவருக்கும் அது தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2017 இலிருந்து அன்டிபயோட்டிக்குகளை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதலில் கொடுக்கக்கூடியவை, கவனமாகக் கொடுக்க வேண்டியவை, கடைசிக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டியவை. அமொக்சிசிலின் முதலாவதில். சிப்ரோபுளொக்சசின் இரண்டாவதில். அம்மம்மாவைக் காப்பாற்றிய மெரோபெனெமும் இரண்டாவதில்தான். கொலிஸ்டின் மூன்றாவதில். 2030 ஆகும்போது மனிதருக்குக் கொடுக்கும் அன்டிபயோட்டிக்கில் 70 சதவீதமாவது முதலாவது பிரிவிலிருந்து வரவேண்டும் என்று 2024 செப்டெம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் நாடுகள் ஒத்துக்கொண்டன. எங்கள் டின்னில் சலக்கடுப்புக்கு இருந்தது முழுக்க இரண்டாவது பிரிவு.

"மெரோபெனெமும் எடுபடாட்டி?" என்று அன்றைக்கு அந்த டொக்டரிடம் கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. அப்படிப்பட்ட கிருமி கற்பனை இல்லை. மெரோபெனெம் குடும்பத்தையே முறிக்கும் என்.டி.எம்-1 என்ற பொருளைப் பற்றி 2010 இல் வெளிவந்து உலகத்தையே உலுக்கிய ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னையைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. ஆய்வுக்கு எடுத்த மாதிரிகளில் சென்னை நோயாளிகளுடையதும் இருந்தன. இரண்டு வருசம் கழித்து, 2012 இல், இந்திய மருத்துவர்கள் கூடிச் சென்னைப் பிரகடனம் என்ற திட்டத்தை வெளியிட்டார்கள். தலைமன்னாரில் நின்றால் தனுஷ்கோடி கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர். சத்திர சிகிச்சைக்கென்று எங்கள் ஆட்கள் சென்னைக்குப் போய்வருகிறார்கள். கிருமிக்கு விசா தேவையில்லை.

*

அப்போ என்ன மாறவேண்டும்? நாங்கள் கண்டதை வைத்துச் சொல்கிறோம்.

வார்ட்டுக்குள் வருகிற ஒவ்வொருவரையும் நிறுக்க வேண்டும். எழும்ப ஏலாதவர்களுக்கு ஒரு கட்டில் தராசு வேண்டும். மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளில் யாராவது ஒருவர் சீட்டைத் திரும்ப எடுத்து, இது இன்னும் தேவையா, ரிப்போட் வந்ததா, ஊசியைக் குளிசையாக மாற்றலாமா, எப்போது நிறுத்துவது என்று கேட்க வேண்டும். எங்கள் விசயத்தில் கேட்டது ஒரு மருந்தாளர். அவருக்கு அந்த உரிமையும் நேரமும் இருந்தபடியால்தான் கேட்டார். எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். துண்டில் மருந்தோடு சேர்த்து எதற்கு, எத்தனை நாள் என்று எழுத வேண்டும். உறையில் மருந்தின் பேர் இருக்க வேண்டும். பேரில்லாத உறையோடு வருகிற ஆளுக்கு என்ன மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அடுத்த டொக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

1 – 1 – 1 என்பதையும் கேட்டுத் தெளிய வேண்டும். எங்கள் வீட்டில் அது காலை ஏழு, மத்தியானம் ஒன்று, இரவு ஏழு. இரவு ஏழிலிருந்து காலை ஏழுவரை பன்னிரண்டு மணித்தியாலம் மருந்து இல்லை. அமொக்சிசிலின் போன்றவை எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா என்ற கணக்கில் வருபவை. இரத்தத்தில் அளவு விழுந்துவிடக்கூடாது. சின்னப் பிள்ளைகளின் பாணி மருந்தைத் தேத்தண்ணிக் கரண்டியால் அளக்கவே கூடாது. ஒரு கரண்டி மூன்று மில்லிலீற்றர், இன்னொன்று ஏழு. ஐந்து என்று கோடு போட்ட மூடியோ சிரிஞ்சோ கேட்டு வாங்குங்கள். தூளாக வரும் பாணியில் கோடுவரை அவித்து ஆறின தண்ணி விடவேண்டும். கூட விட்டால் மருந்து தண்ணி, குறைய விட்டால் மருந்து கடும்.

எங்கள் 43 குளிசையையும் ஒரு பையில் போட்டு, ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். கிணத்தடியில் கொட்டவில்லை. எங்கள் தீவில் குடிக்கிற தண்ணி மணலுக்குக் கீழேதான் இருக்கு.

இந்த வருசம் மாசியில் அம்மம்மாவின் கிளினிக்குக்குச் சலம் சோதித்தபோது திரும்பவும் பற்றீரியா இருக்கு என்று ரிப்போட் வந்தது. எங்களுக்குக் கை கால் நடுங்கியது. உடனே மருந்து தாங்கோ என்று டொக்டரிடம் நின்றோம்.

"எரிவு இருக்கோ அம்மா?"

"இல்லை."

"காய்ச்சல்? இடுப்பு நோ?"

"ஒண்டும் இல்லை மகன்."

"அப்ப மருந்து இல்லை. வயசான ஆக்களின்ர சலத்தில பற்றீரியா சும்மாவும் இருக்கும். வருத்தம் தராட்டி அதைத் தொடக்கூடாது. தொட்டா மற்றதுகள் பழகும். எரிவோ காய்ச்சலோ வந்தா அண்டைக்கே வாங்கோ."

கிளினிக் கொப்பியில் "மருந்து வேண்டாம்" என்று எழுதி, திகதி போட்டு, கீழே நிறையையும் எழுதினார். 43 கிலோ. வெறுங்கையோடு வெளியே வந்தோம். பஸ்ஸில் முழுவழியும் எங்களுக்குப் பயம்தான். அம்மம்மா யன்னலால் பாலத்துத் தண்ணியைப் பார்த்துக்கொண்டு வந்தா. தள்ளாடிக்குக் கிட்ட வந்தபோது திரும்பி, "அந்த டின்னை என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டா.

"வெறுமையாத்தான் கிடக்கு அம்மம்மா."

"அப்ப கழுவித் தாங்கோ. கருவாடு போட்டு வைக்கலாம்."